நாயின் கால் புண்ணுக்குத் தோல் ஒட்டு: தோலை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

கேள்வி: ஆட்டுப் பட்டிக்குக் காவலிருக்கும் எங்கள் நாயின் பின்னங்காலில் வண்டிச் சக்கரம் ஏறி, கணுக்காலுக்குக் கீழே சுற்றிலும் தோல் உரிந்துவிட்டது. விலாவிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறார் கால்நடை மருத்துவர். நல்ல உடம்பிலும் ஒரு காயம் ஏற்படுத்த வேண்டுமா? அதே காலின் தொடையிலிருந்து எடுக்கக் கூடாதா?

பதில்: மருத்துவர் சொன்ன இடமே சரியானது. கழுத்து, முதுகு, விலா ஆகிய இடங்களில் நாயின் தோல் தளர்வாக இருப்பதால், அங்கே புண் ஏற்பட்டால் சுற்றியுள்ள தோலையே இழுத்துத் தைத்துவிடலாம். கணுக்காலுக்குக் கீழே அந்த வசதி இல்லை. வலிந்து இழுத்துத் தைத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் வீங்கிவிடும்.

விலாத் தோலை இரண்டு விரல்களால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், மடிப்பாக எழும்பி வரும். தேவையான அளவை வெட்டி எடுத்த பின்னும் இரு ஓரங்களும் இறுக்கமின்றிச் சேருவதால், அங்கே மிஞ்சுவது ஒரு நேர்கோட்டுத் தையல் மட்டுமே. சிக்கல் இல்லையென்றால் 10 முதல் 14 நாள்களில் தையலைப் பிரித்துவிடலாம். தொடைத் தோல் அவ்வளவு தளர்வானதல்ல. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தையலும் இழுபடும். அடிவயிற்றில் மயிர் குறைவு. ஒட்டிய தோலில் எடுத்த இடத்தின் மயிரே வளரும் என்பதால், நிறமும் அடர்த்தியும் காலுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, மயிர் சாயும் திசையைத் தோலின்மேல் குறித்துக்கொண்டுதான் வெட்டுவார்கள். சொறியோ பழைய தழும்போ உள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

எடுக்கும் இடத்தைவிட ஒட்டும் இடத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். வெறும் எலும்பின்மேலும் சீழ் வைத்த புண்ணிலும் தோல் பிடிக்காது. சிவந்த, சுத்தமான புதுச்சதை வளரும் வரை மருத்துவர் காத்திருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். தோலின் அடிக்கொழுப்பை மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்வரை அவர் சுரண்டி நீக்குவதும், தோலில் சிறு கீறல்கள் இடுவதும் காரணத்தோடுதான்: கொழுப்பு இருந்தால் இரத்தக் குழாய்கள் உள்ளே வர முடியாது, கீறல் இல்லையென்றால் அடியில் நீர் தேங்கித் தோலைத் தூக்கிவிடும்.

முதல் இரண்டு நாள்கள் அந்தத் தோல் புண்ணின் கசிவை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. அதன் பிறகே குழாய்கள் இணையத் தொடங்கும். அப்போது தோல் சற்று நகர்ந்தாலும் அந்த இணைப்புகள் அறுந்துவிடும். ஆகையால் கால் அசையாதபடி கட்ட வேண்டும், கட்டு நனையக் கூடாது, நாய் நக்காதபடி கழுத்துக் கூம்பு போட வேண்டும். எவ்வளவு சுறுசுறுப்பான நாயானாலும் மருத்துவர் சொல்லும் வரை பட்டிக் காவலுக்கு விடாதீர்கள்.

முதலில் வெளிறியிருக்கும் தோல் மூன்று, நான்கு நாள்களில் நீலம் பாய்ந்தாற்போல் ஆகும். வளர்ப்பவர்கள் பயந்துபோவது இப்போதுதான். ஆனால் அது இயல்பானதே. ஒரு வாரம் கடந்ததும் இளஞ்சிவப்பு வர வேண்டும். மேல்தோல் மட்டும் கறுத்து, அடித்தோல் பிழைத்திருப்பதும் உண்டு என்பதால், கறுத்த பகுதியை வீட்டில் உரித்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.