கோடீசுவரரின் நாட்குறிப்பும் ஆச்சியின் சிட்டையும்

கேள்வி: கானாடுகாத்தானுக்கு அருகில், தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பெரிய வீட்டில் நான் வரவேற்புப் பணியில் இருக்கிறேன். தொழில்நுட்பத் துறைக் கோடீசுவரர் ஒருவர் மன அமைதி தேடி இங்கே வந்து பதினான்கு நாள் தங்குவதாகக் கற்பனை செய்து, அவரே எழுதியதுபோல் ஒரு நகைச்சுவை நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். தோழிகள் முதல் மூன்று நாள்களுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்காம் நாள் வந்ததும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என் பெரியப்பாவோ, "நம் ஐயாக்கள் இத்தாலியிலிருந்து பளிங்கு கொண்டுவந்து இறக்கியபோதும் ஊர் இப்படித்தான் சிரித்திருக்கும், நீ யாரைக் கேலி செய்கிறாய்?" என்று கோபிக்கிறார். பிழை எங்கே இருக்கிறது? உண்மையான ஒருவரின் பெயரையே போட்டுவிடலாமா? அவர் மனம் திருந்துவதாக முடித்திருப்பது சரிதானா?
— வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் அனுப்பிய பதினான்கு நாள்களையும் இரண்டு முறை படித்தேன். தோழிகள் கைப்பேசியை எடுத்த இடம் மிகச் சரியான இடம் என்பதால், அவர்கள்மேல் வருத்தம் வேண்டாம். முதல் மூன்று நாள்களில் பேசுகிறவர் அந்தக் கோடீசுவரர். நான்காம் நாளிலிருந்து பேசுகிறவர் நீங்கள். "என்னைப் போன்ற பேராசைக்காரனுக்கு இந்த வளவின் (நடு முற்றத்தின்) அழகு எங்கே புரியப் போகிறது" என்று அவர் எழுதுவதாக வைத்திருக்கிறீர்கள். தன் நாட்குறிப்பில் தன்னைப் பேராசைக்காரன் என்று எழுதுகிறவர் ஞானியாக இருப்பார், அல்லது உங்கள் கையில் அகப்பட்ட பொம்மையாக இருப்பார். அவருடைய நாட்குறிப்பு அவருக்கு வெற்றிப் பட்டியல். தாம் வேடிக்கையானவர் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் கடைசி வரை தெரியக் கூடாது.

இது நமக்குப் புதிய வித்தை அன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, "உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்னும் பொருளில் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதில் வசைச் சொல் ஒன்றுகூட இல்லை. உங்கள் வேலை ஒரு படி கூடுதல் கடினம். ஏனெனில் உங்கள் தொண்டைமான் தன் கொட்டிலைத் தானே புகழ்ந்துகொள்ள வேண்டும், ஔவை கண்ணிலேயே படக் கூடாது.

வட்டித் தொழில் செய்த நகரத்தார் வாழும் உங்கள் செட்டிநாட்டு ஊரின் கணக்கு மரபே இதற்கு நல்ல துணை. வரவும் பற்றும் எதிரெதிரே நின்று, ஒரு பக்கத்தில் மறைத்தது மறு பக்கத்தில் தலைகாட்டிவிடும் ஐந்தொகையைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. உங்கள் கோடீசுவரர் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதட்டும். பற்றுப் பக்கத்தை வாசகர் தம் மனத்தில் எழுதிக்கொள்வார். நான்காம் நாளுக்கு மேல் நான் மாற்றிப் பார்த்த சில குறிப்புகளை, உரிமை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புடன், கீழே தருகிறேன்.

"காலை 4.30. மௌன விரதம் தொடங்கினேன். தொடங்கிய செய்தியை உதவியாளர்கள் ஆறு பேருக்கும் தொலைபேசியில் தெரிவித்தேன்."

"நான் எளிமையை விரும்புகிறவன். இந்த வீட்டில் இத்தனை அறைகள் இருந்தும், எனக்குப் பதினொன்றே போதும் என்று சொல்லிவிட்டேன்."

"நாளுக்கு ஒரு வேளை மட்டுமே உண்பது என் நெறி. விடுதியின் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி வெள்ளைப் பணியாரத்தோடு இலையில் தொடங்கிவைத்த இன்றைய ஒரு வேளை, காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நடந்தது."

"மழை பெய்தது. ஓட்டுச் சரிவிலிருந்து வளவுக்குள் விழும் நீரை அண்டாக்களில் பிடித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மழைநீரைச் சேமிக்கலாம் என்னும் எண்ணம் உலகில் முதன்முதலாக எனக்குத் தோன்றியது."

"காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் தேக்கு நிலைக்கதவு வாங்கினேன். இதன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் விலையைக் குறைத்தார். பேரத்தில் நான் இன்னும் வல்லவன்தான்."

கடைசிக் குறிப்பில் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. 1930களின் பொருளாதார மந்தத்தாலும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததாலும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பிய குடும்பங்கள் எத்தனை, அந்தக் குடும்பங்களின் தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது உங்கள் வாசகருக்குத் தெரியும், கோடீசுவரருக்குத் தெரியாது. பதினான்கு நாளில் இப்படி ஒன்றிரண்டு போதும். நாள்தோறும் கதவு வாங்கினால் அது ஒப்பாரி ஆகிவிடும்.

மிகைப்படுத்துவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். அவர் நிலவை விலைக்கு வாங்குவதாக நீங்கள் எழுதிய எட்டாம் நாள் எடுபடாததற்குக் காரணம், மெய்யான செல்வந்தர்கள் நம் கற்பனையை எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு என் கையால் கொன்ற விலங்கின் இறைச்சியைத் தவிர வேறு இறைச்சி உண்ண மாட்டேன் என்று 2011இல் மார்க் சக்கர்பர்க் நோன்பு பூண்டார். 2018 பிப்ரவரியில் ஈலான் மஸ்க் தம் பழைய காரை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார். 2021 ஜூலையில் விண்வெளியின் விளிம்பைத் தொட்டு இறங்கிய ஜெஃப் பெசோஸ், அமேசானின் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி கூறி, இதற்கெல்லாம் பணம் கொடுத்தவர்கள் நீங்களே என்றார். இவர்களோடு உயரத்தில் போட்டியிட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. சின்னஞ்சிறு பொருள்களில்தான் நாம் வெல்ல முடியும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வந்தால் எத்தனை பீரங்கிகள் முழங்கின என்பதைக்கூட எண்ணிக் குறித்தார். செல்வரின் நாட்குறிப்புக்கு அந்த எண்ணிக்கைப் பசிதான் உயிர். உங்கள் ஊரிலோ, வட்டிக் கணக்குக்காக 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். "ஏராளமான பணியாரம் தின்றேன்" என்று எழுதாதீர்கள். பதினேழு என்று எழுதுங்கள்.

ஆறாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆச்சி பேசும் ஆங்கிலத்தை எழுத்துக்கு எழுத்து எழுதி அதில் சிரிப்பு மூட்டப் பார்த்திருக்கிறீர்கள். அது கோடீசுவரர் எழுதிய கேலியா, உங்களுடையதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை; வாசகருக்கும் முடியாது. அதே காட்சியைத் திருப்பிப் போடுங்கள். நான்கு நாள் செயலி ஒன்றின் துணையோடு அவர் தமிழ் கற்றதாகவும், தம் உச்சரிப்பை ஆச்சி வியந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வீட்டின் உட்பகுதியான ரெண்டாங்கட்டுக்குள் ஓடியதாகவும் அவரே பெருமையோடு எழுதட்டும்.

இனிப் பெரியப்பா. அவருடைய கேள்வி உங்கள் பதினான்கு நாள்களைவிடக் கூர்மையானது என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். பர்மாத் தேக்கும், இத்தாலிப் பளிங்கும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டு நீளமும் வெறும் தேவைக்காக உண்டானவை அல்ல. பக்கத்து வீட்டாரின் கண்ணும் அந்தக் கட்டுமானச் செலவில் ஒரு பங்கு. அதை மறைத்துவிட்டு, வந்தவர் மட்டும் வீண்பெருமைக்காரர், வீடு மட்டும் பரிசுத்தம் என்று எழுதினால் நாட்குறிப்பு சுற்றுலாத் துண்டறிக்கையாகிவிடும். ஆகவே பெரியப்பாவை ஒன்பதாம் நாளில் கொண்டுவந்து முகப்புத் திண்ணையில் உட்காரவையுங்கள். ஐயாவின் வீட்டில் எத்தனை தூண் என்று அவர் சொல்ல, தம் வீட்டில் எத்தனை நீச்சல்குளம் என்று இவர் சொல்ல, இருவரும் நள்ளிரவு வரை எண்ணிக்கொண்டிருக்கட்டும். "இந்த நாட்டில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர்" என்று கோடீசுவரர் அன்றைய குறிப்பை முடிக்கலாம். பெரியப்பா படித்துவிட்டு என்ன சொன்னார் என்பதைத் தவறாமல் எனக்கு எழுதுங்கள்.

உண்மைப் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. அப்படி எழுதி வென்றவர் இல்லாமல் இல்லை. 2006இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தாமே எழுதுவதுபோல ஒரு பொய் நாட்குறிப்பு வெளிவரத் தொடங்கி, அதை எழுதியவர் ஃபோர்ப்ஸ் இதழில் பணியாற்றிய டேனியல் லயன்ஸ் என்பது 2007 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளிப்பட்டது. ஆனால் ஜாப்ஸ் நோய்வாய்ப்பட்ட பின்பு அந்த விளையாட்டைத் தொடர்வது லயன்ஸுக்கும் இயலாமல் போயிற்று. உயிருள்ளவரின் பெயரைக் கடன் வாங்கினால் அவருடைய நோயும் துக்கமும் அந்தப் பெயரோடு சேர்ந்தே வரும். நம் நாட்டில் அவதூறு, பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவின்படி இன்றும் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். பலருடைய பழக்கங்களைக் கலந்து ஒருவரை உண்டாக்குவதே நல்லது. ஜாப்ஸ் ஆப்பிளில் ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளம் வாங்கியதுபோல உங்கள் ஆளும் ஒரு டாலர் வாங்கட்டும். அந்த ஒரு டாலரைக் கேட்டு மனமிரங்கிய ஆச்சி, அறை வாடகையில் அவருக்குக் கழிவு கொடுக்கட்டும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் விடுதியில் மெய்யாகவே தங்கியவர்களின் பேச்சோ பழக்கமோ ஒரு வரிகூட இதற்குள் வரக் கூடாது. அவர்கள் உங்களை நம்பித்தான் சாவியை வாங்கியிருக்கிறார்கள்.

மனம் திருந்தி, தம் சொத்தை எல்லாம் ஊருணி தூர்வாரக் கொடுத்துவிடும் அந்தப் பதினான்காம் நாளை எடுத்துவிடுங்கள். வருமானத்தில் ஒரு பங்கை அறத்துக்கென்று மகமையாக ஒதுக்கிப் பழகிய ஊர்க்காரர்களே அதை நம்ப மாட்டார்கள். அவர் வந்தபடியே போகட்டும். புறப்படும்போது ஆச்சி ஒரு டப்பாவில் மாவுருண்டை கொடுக்கட்டும். விமானத்தில் ஏறியதும் அவர் எழுதுவார்: "டப்பாவைத் திறந்து எண்ணினேன். உருண்டைகள் 24. விலை கேட்டதற்கு அந்த அம்மையார் சிரித்தார். இலவசமாகக் கொடுத்துப் பழக்கப்படுத்தும் உத்தியை எங்கள் துறையிலிருந்து திருடியிருக்கிறார்கள். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்."

அதற்கு அடுத்த பக்கத்தில், இதுவரை நாட்குறிப்பில் இல்லாத வேறொரு கையெழுத்தில், ஆச்சியின் சமையற்கட்டுச் சிட்டையிலிருந்து, அதாவது அன்றாடக் கணக்குக் குறிப்பிலிருந்து, அதே தேதிக்குரிய ஒரே வரியைப் போடுங்கள்: "பெரிய ரூம்காரருக்கு மாவுருண்டை 25."