பதுவை அந்தோணியாரும் வட்டிக்காரர்களும்

கேள்வி: பதுவை அந்தோணியார், கத்தோலிக்கத் திருச்சபை பெரிய இறையியல் அறிஞர்களுக்குத் தரும் 'மறைவல்லுநர்' பட்டம் பெற்ற பேரறிஞர். ஆனால் உவரியிலும் புளியம்பட்டியிலும் உள்ள அவர் கோவில்களுக்குப் போகிற கூட்டம் அவரைக் காணாமல் போன நகையைக் கண்டுபிடிப்பவராகவும் பேய் ஓட்டுபவராகவும் ஆக்கி வைத்திருக்கிறது. அதில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. இது அறியாமைதானே? இவர்களுக்கு முறையாக வகுப்பு எடுத்தால் என்ன?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பட்டத்தில் இருந்தே ஆரம்பிப்போம். அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13. திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது 1232 மே 30. ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இத்தாலியில் இருக்கும் பதுவை நகரத்து சனங்கள் அவ்வளவு அவசரப்பட்டார்கள். நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் மறைவல்லுநர் பட்டத்தைப் பன்னிரண்டாம் பயஸ் கொடுத்தது 1946-ல். ஆக, கூட்டம் முதலில் வந்தது, பட்டம் எழுநூறு வருஷம் கழித்து வந்தது. யார் யாருக்கு வகுப்பு எடுப்பது என்பதை இதை வைத்து ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அவர் அறிஞர் என்பதில் சந்தேகமே இல்லை. லிஸ்பனில் வசதியான வீட்டில் 1195-ல் பிறந்து, பெர்னாந்து என்று பெயர் வைக்கப்பட்டு, அகுஸ்தினார் மடத்தில் சேர்ந்து வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவர். மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220-ல் போர்ச்சுகலின் கோயம்பிரா நகரத்துக்கு வந்தபோது மனசு மாறியது. அந்த ஏழைத் துறவிகளோடு சேர்ந்தார், பெயரை மாற்றிக்கொண்டார், தானும் மொரோக்கோவில் உயிரைக் கொடுப்பது என்று கப்பல் ஏறினார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்ததுதான் மிச்சம். சரி, ஊருக்காவது திரும்பலாம் என்றால் காற்று கப்பலை சிசிலிக்குத் தள்ளிவிட்டது. யாருக்கும் தெரியாத ஆளாக இத்தாலியில் போய் நின்றார். மோந்தே பவுலோ என்ற மலை மடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டும் தரை கூட்டிக்கொண்டும் கிடந்தார். படித்தவன் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. 1222-ல் ஃபோர்லி நகரத்தில் ஒரு குருப்பட்ட விழாவில் பிரசங்கம் செய்ய ஆள் இல்லாமல், வேறு வழியில்லாமல் இவரை எழுந்து பேசச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வளைகுடாவுக்குப் போய், உடம்பு முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்றாகிப் போன ஒருவர் மாடத்தில் நிற்கிறார் என்றால் அவரிடம் பேசுவது சுலபம். இந்தக் கதை அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காவி உடுப்பும் கையில் குழந்தையுமாக நிற்கிறவரைப் பார்த்தாலே அதிகாரி மாதிரித் தெரியவில்லை, அது போதும்.

அப்புறம் கடன். உங்கள் கேள்வியில் வராத விஷயம் இதுதான். முக்கூடல் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண் அந்தோணியாரிடம் போய்ச் சொல்வது நகை தொலைந்ததைப் பற்றி மட்டும் இல்லை. குழு லோன் தவணை, வாரவட்டி, அடகில் மூழ்கப் போகும் கம்மல், இதெல்லாம்தான். நகை 'காணாமல்' போகும் வழிகள் நம் ஊரில் பல உண்டு. இப்போது பதுவைக்குப் போவோம். அந்தக் காலத்தில் அங்கே கடனைக் கட்ட முடியாதவனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிடுவார்கள். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், 1231 மார்ச்சில், அந்தோணியார் கேட்டுக்கொண்டதன் பேரில் நகர சபை ஒரு சட்டம் போட்டது: கடன்காரன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் அடைக்கக் கூடாது. வட்டிக்காரர்களைப் பற்றி அவர் பிரசங்கத்தில் பேசியதெல்லாம் காது கொடுத்துக் கேட்க முடியாத சூடு. ஒரு கஞ்சனின் இருதயம் அவன் நெஞ்சில் இல்லாமல் பணப்பெட்டிக்குள் கிடந்தது என்று அவர் பேரில் வழங்கும் கதையை, தொனாத்தெல்லோ என்ற சிற்பி பதுவைக் கோவிலில் வெண்கலத்தில் வார்த்தே வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003-ல். அதற்கு அப்புறமும், 2017 அக்டோபரில், நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே கந்துவட்டி தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. மனுக் கொடுத்துப் பார்த்தும் வழி பிறக்காத சனம் அந்தோணியாரிடம் போகிறது என்றால், அதற்கு அறியாமை என்று பெயர் வைப்பதற்கு முன் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். எனக்கென்னவோ அவர்கள் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

'பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை' என்கிறீர்கள். இருக்கட்டுமே. உவரியிலேயே கடலோரத்தில் சுயம்புலிங்கசாமி கோவில் இருக்கிறது. இங்கே மொட்டை போட்டவர் அங்கேயும் கும்பிட்டுவிட்டுப் போவார், ஊருக்குத் திரும்பி சுடலைமாடனுக்குக் கொடையும் கொடுப்பார். நம் சீமையில் இதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் மட்டும் ஒழுங்காக இருந்தோமா என்ன? வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த தடுப்பை இடிப்பதற்கு 1910 ஆயிற்று, இடித்த பிறகு கோர்ட்டுக்கும் போனார்கள். அந்தோணியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமையில் உவரி மணலில் சாதி கேட்டு இடம் போட நேரமில்லை. துண்டு விரிக்க இடம் கிடைப்பதே பெரிசு.

பேய் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் வருகிறேன். மனநிலை பாதித்தவரின் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோவிலில் கொண்டுபோய்க் கிடத்துவது தப்பு, பெரிய தப்பு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே நேர்ச்சை இருக்கட்டும், அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் வீட்டில் எல்லோரும் கைவிட்ட ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா மட்டும் புளியம்பட்டியில் வந்து தங்குகிறாள் என்றால், அங்கே குறைவாக இருப்பது இறையியல் அறிவு இல்லை, டாக்டர்கள்தான்.

வகுப்பு எடுக்கத்தான் வேண்டும் என்றால் தாராளமாக எடுங்கள். முதல் பாடமாக 1231-ஆம் வருஷத்துக் கடன் சட்டத்தை வையுங்கள். வட்டிக்கு விடுகிற நம் பங்குப் பெரிய மனிதர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். உவரிக் கூட்டத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.