‘தோலை உரிச்சிடுங்க’ என்று அப்பா சொல்லியிருந்தால் வாத்தியார் அடிக்கலாமா?

கேள்வி: தனியார் பள்ளியில் ஏழாவது படிக்கும் என் மகன் வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று கணக்கு வாத்தியார் பிரம்பால் அடித்து, வெயிலில் முட்டி போட வைத்தார். கால் தடித்துவிட்டது. அப்போதிலிருந்து படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான். பள்ளி என்றாலே அழுகை. கேட்டால், “சேர்க்கும்போது உங்க வீட்டுக்காரர்தானே ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க’ன்னு சொன்னார்” என்கிறார்கள். புகார் கொடுத்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொன்னது நம் ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அது அடிப்பதற்கான லைசென்ஸ் ஆகாது. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘பெற்றோர் சம்மதித்தால் பரவாயில்லை’ என்று அதில் ஒரு வரியும் கிடையாது. முட்டி போட வைத்ததும் இதில்தான் வரும். டி.சி. பயம் வேண்டாம், எட்டாவது முடிக்கும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 16.

முதல் வேலை, பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ‘ஆசிரியர் அடித்தது’ என்று சொல்லிப் பதியவைத்து, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் வாங்குங்கள். தடிப்பு மறைந்திருந்தாலும் பரவாயில்லை. தூக்கத்தில் சிறுநீர் போவதையும் பயத்தையும் டாக்டர் எழுதட்டும். வழக்கென்று வந்தால் இதுவும் கனமான சாட்சி. தடிப்பை போட்டோ எடுத்திருந்தால் அழிக்காதீர்கள்.

அப்புறம், தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார். நகலில் சீல் வாங்குங்கள். தராவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அசையவில்லையா? வேலூர் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், திங்கள்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம்.

போலீஸ் வழியும் உண்டு. பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால், இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 75-இல் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஆனால் பையன் அதே பள்ளியில் படிக்க வேண்டுமென்றால், முதல் மனுவிலேயே இதை இழுக்காமல் இருப்பது நல்லது என்பேன். பள்ளி மழுப்பினால் தயங்காதீர்கள்.

மனுவில் ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் ஒரு மெமோவோடு முடிந்துவிடும். இனி கை வைக்கமாட்டேன் என்று அந்த ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டுப்பாடம் விட்டுப்போனால் பள்ளியிலேயே உட்கார்ந்து முடிக்கவைக்கட்டும், தெரியாத கணக்கை மறுபடி சொல்லித்தரட்டும், தொடர்ந்தால் உங்களைக் கூப்பிட்டுப் பேசட்டும். பையனுக்கு மனநல ஆலோசனையும் கேளுங்கள். மனுவில் உங்கள் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடட்டும். அவர் பெயரைச் சொல்லித்தானே தப்பிக்கப் பார்க்கிறார்கள்.