செம்மறிக் கெடாகூட விட்ட வெள்ளாடு போட்ட குட்டி கலப்பா? குரோமோசோம் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: சார் வணக்கம், எனக்கு வாலிநோக்கம் பக்கம். 18 வெள்ளாடு, 30 செம்மறி, எல்லாம் ஒரே பட்டியிலதான் அடையும். வெள்ளாட்டுக் கெடாவ போன வருஷம் வித்துட்டேன், செம்மறிக் கெடா ஒண்ணு மட்டும் நிக்குது. அதுக்கப்புறம் ரெண்டு வெள்ளாட்டுக்கு சினை புடிச்சு ரெண்டு மாசத்துல கலைஞ்சிருச்சு. மூணாவது ஒண்ணு உசுரோட குட்டி போட்டிருக்கு, காது சின்னதா, உடம்பு வெள்ளையா பார்க்க செம்மறி மாதிரியே இருக்கு. பக்கத்து ஊருக்காரர் இது கலப்புக் குட்டி, வளர்த்தா லட்சத்துக்குப் போகும்ங்கிறார், வாட்ஸ்அப்ல பாதி கம்பளி பாதி முடியோட ஒரு ஆட்டுப் படமும் காட்டுறார். குரோமோசோம் டெஸ்ட்ல தெரிஞ்சிருமாமே? அப்படியே என் கெடா சுத்தமான ராமநாதபுரம் வெள்ளை ரகமான்னும் அதுலயே பார்த்துரலாமா?

பதில்: அண்ணே வணக்கம். அந்தக் குட்டிய யார் என்ன விலை சொன்னாலும் இப்ப அவசரப்பட்டு கலப்புன்னு சொல்லி விக்காதீங்க, அத நம்பி இனப்பெருக்கத்துக்குன்னு ஆசையும் வைக்காதீங்க. முக்காவாசி அது முழு வெள்ளாடாத்தான் இருக்கும், உங்க பட்டியில கெடா இல்லேன்னாலும் மேய்ச்சல் காட்டுல ஒடை மரத்தடியில நாலு பட்டி ஆடும் ஒண்ணாத்தானே நிக்குது, அடுத்தவர் கெடா ஏறியிருக்கும், அதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், நமக்குத் தெரியவா போகுது.

ஆனா நீங்க கேட்ட டெஸ்ட் சரியான டெஸ்ட்தான். குரோமோசோம்ங்கிறது ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பரம்பரைக் குணத்தச் சுமக்குற நூல் மாதிரி சமாச்சாரம். வெள்ளாட்டுக்கு அது 60, செம்மறிக்கு 54. ரெண்டும் சேர்ந்து உண்மையிலேயே குட்டி பிறந்தா அதுக்கு வெள்ளாட்டுப் பாதி 30-ம் செம்மறிப் பாதி 27-ம் சேர்ந்து 57 இருக்கும். இந்த எண்ணிக்கையோட வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் சந்தேகமே இல்லாம சொல்ல முடியும். ஒவ்வொரு குரோமோசோம்லயும் இடுப்பு மாதிரி ஒரு சுருக்கம் இருக்கும், சென்ட்ரோமியர்னு சொல்லுவோம். வெள்ளாட்டுல கெடாவுக்கு மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோம் தவிர எல்லாத்துக்கும் அந்த இடுப்பு தலைமாட்டுலயே இருக்கும், மைக்ராஸ்கோப்புல பார்த்தா கவட்டைக் கம்ப தலைகீழா வச்ச மாதிரி தெரியும். செம்மறியில மட்டும் மூணு ஜோடி, அதாவது ஆறு குரோமோசோம், ரொம்பப் பெருசா, இடுப்பு நடுவாக்குல வந்து எக்ஸ் எழுத்து மாதிரி பளிச்சுன்னு நிக்கும். காலேஜ்ல படிக்கும்போது முதல் தடவை ஆயில் லென்ஸ்ல செம்மறி ஸ்லைடு பார்த்தப்ப எங்க மேடம் எண்ணச் சொல்லல, அந்த ஆறு பெருச மட்டும் தேடுன்னாங்க, ஊதா கலர்ல சிதறிக் கிடந்த அத்தனை பொடிசுக்கு நடுவுல அந்த ஆறும் கண்ணுக்குத் தட்டுப்பட்டதும் இது செம்மறின்னு நானே சொல்லிட்டேன், அந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

அந்த ஆறு எங்கிருந்து வந்துச்சுன்னா, பனைநார்க் கயிறு 60 இருக்குன்னு வச்சுக்கங்க, அதுல 12 கயிற எடுத்து ரெண்டு ரெண்டா முனைய முடிச்சுப் போட்டா 6 நீளக் கயிறு ஆயிரும், மொத்தம் 54, ஆனா நார் கொஞ்சம்கூட குறையல. இதேதான் செம்மறியோட மூதாதைகள்கிட்ட நடந்திருக்கு. வெள்ளாட்டோட 1-ம் 3-ம் ஒட்டுனா செம்மறியோட முதல் குரோமோசோம், 2-ம் 8-ம் ஒட்டுனா ரெண்டாவது, 5-ம் 11-ம் ஒட்டுனா மூணாவது. சாயம் ஏத்தி வரி வரியா கொண்டுவந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா வரி அப்படியே பொருந்தும். அதனால கலப்புக் குட்டிக்கு அந்தப் பெருசு ஆறு இருக்காது, ஒண்ணும் இல்லாமலும் போகாது, சரியா மூணு இருக்கும். 57-ம் மூணு பெருசும் சேர்ந்து வந்தா அது கலப்பு, வேற எதுவும் இல்ல.

கணக்கு ஒத்துவராததாலதான் குட்டி சாகுதுன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது முழு உண்மை இல்ல. குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63, அது மலடா இருந்தாலும் எவ்வளவு திடமா சுமை தூக்குது. ஆனா வெள்ளாட்டு மேல செம்மறிக் கெடா ஏறுனா கரு புடிக்கும், அப்புறம் நச்சுக்கொடி சரியா ஒட்டாம, தாயோட உடம்பே கருவ அந்நியமா நினைச்சு எதிர்த்து, பெரும்பாலும் ரெண்டாவது மாசத்தையொட்டியே கலைஞ்சிரும். அஞ்சு மாசம் தாண்டி உசுரோட வர்றது ரொம்ப அபூர்வம். 2000-ல போட்ஸ்வானாவுல அப்படி ஒண்ண டெஸ்ட் பண்ணி 57 இருக்குன்னு ரிப்போர்ட் பண்ணாங்க, அதுவும் தாய் வெள்ளாடு, தகப்பன் செம்மறிதான், பார்க்கிறதையெல்லாம் ஏறப் போகுமாம், ஆனா சினை நிக்கல, கடைசியில காயடிச்சுட்டாங்க. உங்க பக்கத்து ஊர்க்காரர் காட்டுற வாட்ஸ்அப் படம் இதுவே கிடையாது, அது 1984-ல கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் வெள்ளாட்டுக் கருவையும் செம்மறிக் கருவையும் லேப்ல ஒட்டவச்சு உண்டாக்குன ஆடு மாதிரியானது, அதுக்கு நாலு பெத்தவங்க, உடம்புல பாதி செல்லுல 60 பாதி செல்லுல 54-னு தனித்தனியா கிடக்கும், பட்டியில தானா பிறக்கிற சமாச்சாரமே இல்ல.

லேபுக்கு முன்னாடி உங்க கையாலயே ஒரு சோதனை பண்ணுங்க. நம்ம ஊரு செம்மறிக்கு கம்பளி கிடையாது, ராமநாதபுரம் வெள்ளையானாலும் கீழக்கரிசலானாலும் முடிதான், அதனால உடம்பப் பார்த்து ஏமாந்துருவோம். குட்டிய மடியில போட்டு முன்னங்கால் குளம்ப விரிங்க, ரெண்டு குளம்புக்கும் மேல முன்பக்கமா நடுவுல குண்டூசி நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை, உள்ள முடியும் மெழுகு மாதிரி பிசுக்கும் இருந்தா செம்மறிக் குணம். அப்புறம் கண்ணோட உள்மூலைக்குக் கீழ விரல வச்சு அழுத்துங்க, செம்மறிக்கு அங்க ஒரு சின்னக் குழி இருக்கும், வெள்ளாட்டுக்கு இருக்காது. மேல் உதட்டுல நடுக்கோடு செம்மறிக்கு ஆழமா வெட்டுன மாதிரி இருக்கும். வாலு மேல தூக்கி நிக்குதா கீழ தொங்குதான்னும் பாருங்க. நாலும் வெள்ளாட்டுக் குணமா இருந்தா டெஸ்டுக்கு ஒரு ரூபாகூட செலவு பண்ணாதீங்க.

ரெண்டும் கலந்து தெரிஞ்சா மட்டும் டாக்டர வச்சு கழுத்து நரம்புல ரத்தம் எடுங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் மருந்து போட்ட பச்சை மூடி ட்யூப்புலதான் எடுக்கணும், ஏன்னா அந்த வெள்ளணு உசுரோட லேபுக்குப் போகணும், அத 72 மணி நேரம் வளர்த்து, பிரியுற நேரத்துல மருந்து போட்டு நிறுத்தித்தான் குரோமோசோம எண்ணுவாங்க. ஐஸ் பெட்டியில துணி சுத்தி வைங்க, ஐஸ் நேரா பட்டு உறையவும் கூடாது, நம்ம வெயில்ல வண்டி டிக்கியில போட்டு மறந்துறவும் கூடாது. சென்னை வெட்னரி காலேஜ்ல மரபியல் துறை இருக்கு, உங்க டாக்டர் மூலமா முதல்ல கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க.

ரெண்டாவது கேள்விக்கு பதில் முடியாதுன்னுதான் சொல்லணும். ராமநாதபுரம் வெள்ளைக்கும் கீழக்கரிசலுக்கும் வேம்பூருக்கும் 54-தான், அதே ஆறு பெருசுதான். குரோமோசோம் வடிவம் இனத்த, அதாவது செம்மறியா வெள்ளாடான்னு சொல்லும், ரகத்த சொல்லாது. உங்க ஊரு முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, ஆனா வேர் நுனிய நசுக்கி குரோமோசோம எண்ணுனா முண்டுக்கும் 24, சம்பா மிளகாய்க்கும் 24. ரகத்துக்கு டிஎன்ஏ டெஸ்டும், கெடாவோட தாய் தகப்பன் வழியும் பார்க்கணும். மாட்டுல மட்டும் ஒரு விஷயம் உதவும், நாட்டுமாட்டுக்கும் ஜெர்சிக்கும் எண்ணிக்கை 60-தான், ஆனா காளையோட ஒய் குரோமோசோம் நாட்டுமாட்டுல இடுப்பு முனையில இருக்கும், ஜெர்சியில கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், அத வச்சு தகப்பன் வழி நாடா சீமையான்னு சொல்லிரலாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை குட்டி இல்ல, கலைஞ்ச அந்த ரெண்டு ஆடுதான். செம்மறிக் கெடாவால கலைஞ்சிருக்கலாம், ஆனா புரூசெல்லா மாதிரி தொத்து வியாதியாவும் இருக்கலாம், அது மனுசனுக்கும் வந்து மாசக்கணக்குல காய்ச்சல்ல படுக்கப்போடும். அந்த ரெண்டு ஆட்டையும் தனியாக் கட்டி ரத்தப் பரிசோதனைக்குக் குடுங்க, இனிமே கலைஞ்சா வெறுங்கையால தொடாதீங்க, நாய் இழுக்காம ஆழமா குழிதோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் பால காய்ச்சாம புள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. ரிசல்ட் சுத்தமா வந்ததும் நல்ல வெள்ளாட்டுக் கெடா ஒண்ணு வாங்கிப்போடுங்க, 18 ஆட்டுக்கு ஒண்ணு தாராளம், செம்மறிக் கெடாவுக்கு ராத்திரி மட்டுமாவது தனியா ஒரு தட்டி கட்டிருங்க. முன்னங்கால் குளம்ப விரிச்சு வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே, ஓட்டை இருக்கா இல்லையான்னு நான் பார்த்துச் சொல்றேன்.