18 நாளில் முளைத்ததா இரண்டாவது கட்டி?

கேள்வி: என் கணவருக்கு வயது 63. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது என்று எங்கள் ஊரிலேயே எண்டோஸ்கோப்பி பார்த்தோம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஆரம்பநிலைப் புற்றுநோய் என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம் என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மறுபடி பார்த்தால், மேல்பகுதியில் இன்னொன்று இருக்கிறதாம்! 18 நாளில் பரவிவிட்டதா? முதல் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லையா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்: பரவவில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டுமே இரைப்பையின் உள்தோலோடு நிற்கின்றன. 18 நாளில் முளைத்ததும் இல்லை. முதல் தடவை குழாய் உள்ளே போனபோதே அது அங்கே இருந்திருக்கும்.

ஓதம் ஏறிய சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் சுண்ணாம்பு உப்பிப் பெயரும். நாலடி தள்ளி இன்னோர் இடத்திலும் பெயரும். இதிலிருந்து அது வந்ததில்லை. சுவரே நனைந்திருக்கிறது. உங்கள் கணவரின் இரைப்பைக்கு அந்த ஓதம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. வருடக்கணக்கில் உள்தோலை அரித்து மெலியவைத்திருக்கிறது என்று பயாப்ஸியிலேயே எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இரைப்பையில் ஒரே சமயத்தில் இரண்டு, அபூர்வமாக மூன்றுகூட இருக்கும். ஆரம்பநிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இப்படி.

இனி அந்த டாக்டர் விஷயம். கட்டி என்று நாம் சொல்கிறோமே தவிர, ஆரம்பத்தில் அது கட்டியாகவே இருக்காது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு, அல்லது சுற்றிலும் உள்ளதைவிடச் சற்று வெளிறிய ஒரு பள்ளம். மேலே ஒரு நுரைக்குமிழ் உட்கார்ந்தால் தெரியாது. மேல்பகுதியைப் பார்க்கக் குழாயின் நுனியைக் கொக்கி மாதிரி பின்னால் வளைத்துத் திரும்பிப் பார்க்கவேண்டும். நோயாளி ஏப்பம் விட்டால் உள்ளே செலுத்திய காற்று போய்விடும்; மடிப்புகள் மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, முதல் கட்டி கண்ணில் படுவதுதான். நானே சறுக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியருக்கு இரைப்பையின் கீழே சின்னதாக ஒன்றைக் கண்டுபிடித்து, நாலு துண்டு பயாப்ஸி எடுத்து, அன்று முழுக்க மிதப்பில் திரிந்தேன். எட்டு மாதம் கழித்து, உணவுக்குழாய் வந்து சேரும் வாயருகே இன்னொன்று. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். 9 படங்களில் 6 அந்த ஒரே கட்டி. மேல்பகுதிக்கு ஒரு படம்கூட இல்லை. கிடைத்துவிட்டது என்றதும் என் கண் ஓய்ந்துவிட்டிருக்கிறது. இப்போதெல்லாம் ஒன்று தென்பட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு இரைப்பையை முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் பயாப்ஸிக்கே கை நீட்டுகிறேன். மறந்தால், பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் விடமாட்டார்: “சார், மேலே பார்க்கலையே?”

ஆகவே உங்கள் ஊர் டாக்டர் ஒன்றைத் தவறவிட்டார் என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் சாப்பாடே இறங்காத நிலையில்தான் இந்த நோயைப் பார்க்கிறோம். அவர் இத்தனை சின்னதாக இருக்கும்போதே ஒன்றைப் பிடித்ததால்தான் இரண்டாவதும் அகப்பட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

உள்தோலோடு நிற்பதால் இரண்டையுமே குழாய் வழியாகச் சீவி எடுக்க வாய்ப்பிருக்கிறது. ஒரே நாளிலா, தனித்தனியாகவா என்பதை அங்கேயே முடிவு செய்வார்கள். எடுத்த துண்டுகளின் முழு பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபின்தான் அது போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று தெரியும். கிருமிக்கான மாத்திரைகளை, வாய் கசந்தாலும், பாதியில் நிறுத்தவிடாதீர்கள். ஜப்பானில் இப்படிக் கட்டி எடுத்தவர்களுக்குக் கிருமியையும் ஒழித்துப் பார்த்தார்கள். புதிதாகக் கட்டி வருவது சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 2008-இல் வெளியான ஆய்வு அது. குறைந்ததே தவிர, நின்றுவிடவில்லை. அதனால் வருடம் ஒருமுறை எண்டோஸ்கோப்பி கட்டாயம்.

அப்போது நுரை அடங்குவதற்கான மருந்தை முன்கூட்டியே குடிக்கத் தரச் சொல்லுங்கள். உமட்டல் தாங்கமாட்டார் என்றால் மயக்க ஊசி கேளுங்கள். பழைய படங்களையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்; தழும்புகள் எங்கே என்று பார்க்கிறவர் தேடவேண்டியிருக்காது.