பிக் லைன் போட்ட கையோடு குளிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஈப்போவில் கீமோ எடுக்கிறார். மேற்கையில் பிக் லைன் (ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றும் நீண்ட மெல்லிய குழாய்) போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தோட்டத்து வீட்டில் ஒரே புழுக்கம், குளிக்காமல் இருக்க முடியவில்லை என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, குழாய் இறங்கும் இடத்தில் மஞ்சள் பூசச் சொல்கிறார். கிருமி தொற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மஞ்சள் வேண்டாம், விபூதியும் வேண்டாம். அக்காவின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தக் குழாயின் நுனி இதயத்தின் வாசல்வரை போயிருக்கிறது. தோலில் ஒட்டும் கிருமி, குழாயைப் பிடித்துக்கொண்டே ரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

தாராளமாகக் குளிக்கலாம். கட்டின் மேலும் கீழும் இடைவெளி விட்டு, சமையலறை பிளாஸ்டிக் தாளை இறுக்கமில்லாமல் சுற்றி, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். கையை விலக்கி வைத்துக்கொண்டு ஊற்றச் சொல்லுங்கள். ஆறு, நீச்சல் குளம் கூடாது. நம் ஊரில் தண்ணீரைவிட வியர்வைதான் அதிகத் தொல்லை. கட்டின் ஓரம் கிளம்பினாலோ நனைந்தாலோ மேலே இன்னொரு பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். அன்றைக்கே தாதியிடம் காட்டி மாற்றுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கட்டு ஒழுங்காக இருந்தால் 7 நாளைக்கு ஒரு முறை மாற்றினால் போதும். துணிக்கட்டு என்றால் 2 நாளைக்கு ஒரு முறை.

யார் குழாயைத் தொட்டாலும் முதலில் கை கழுவ வேண்டும். மருந்து ஏற்றும் முனையை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடியாவது அழுத்தித் தேய்த்து, காயவிட வேண்டும். தாதி அவசரத்தில் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள். நானும் தாதிதான், கோபித்துக்கொள்ள மாட்டோம். அந்தக் கையில் பிரஷர் பார்க்க வேண்டாம்.

இனி முக்கியமானது. கீமோ முடிந்து 7 முதல் 14 நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சிவப்பதும் சீழ் பிடிப்பதும் அந்த அணுக்களால்தான். அவை இல்லாதபோது உள்ளே தொற்று பரவினாலும் குழாய் இறங்கும் இடம் பார்க்கச் சுத்தமாகவே இருக்கலாம். அதை நம்பாதீர்கள், தெர்மோமீட்டரை நம்புங்கள். 38 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோல் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அது காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. குழாயில் மருந்தோ உப்பு நீரோ ஏற்றியதும் குளிர்நடுக்கம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

கவுண்டரில் வரிசையில் நிற்காமல், "கீமோ நோயாளி, காய்ச்சல், பிக் லைன் இருக்கிறது" என்று சொல்லுங்கள். ராத்திரியில் யார் கார் எடுப்பார் என்பதை இன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 999.