மாநிறத்துக்கு எந்தச் சிவப்பு?

கேள்வி: மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு நான். உதட்டு ஓரமும் கருத்திருக்கும். தம்பி கல்யாண வரவேற்புக்குப் பளிச்சென்று லிப்ஸ்டிக் போட ஆசைப்பட்டு, ஆன்லைனில் ஒரு கோரல் ஷேட் (ஆரஞ்சு கலந்த வெளிர் இளஞ்சிவப்பு) வாங்கினேன். போட்டால் உதடு சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்கிறார்கள். "உன் நிறத்துக்கு நியூட்தான் (தோல் நிறத்தை ஒட்டிய ஷேட்) சரி" என்கிறார் அத்தை. அப்படியா?

பதில்: அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது, விஷயம் நேர்மாறு. உங்கள் நிறத்துக்குப் பொருத்தமான நியூட் கிடைப்பதுதான் கஷ்டம். வெளிர் ஷேட்களில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறமி கலந்திருக்கும். கறுத்த உதட்டில் அந்த வெள்ளைதான் சாம்பலாகத் தெரிகிறது. வாங்கிய கோரலைத் தூக்கிப் போட வேண்டாம்; அடியில் அடர் பிரவுன் லைனரை (உதட்டுப் பென்சில்) உதடு முழுக்கத் தீட்டி, மேலே லேசாகப் பூசிப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் செங்கல் சிவப்பு, மெரூன், ஒயின், நாவல்பழ நிறம் என்று அடர்த்தியான பக்கம் போங்கள். எந்தச் சாயல் பொருந்தும் என்று அறிய 'மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா பார்' என்பார்களே, அந்த யோசனையை விட்டுவிடலாம். நம் தோலில் நரம்பு தெரிந்தால்தானே! அதற்குப் பதில் ஆரஞ்சு சாயும் சிவப்பு ஒன்று, நீலம் சாயும் சிவப்பு ஒன்று, இரண்டையும் போட்டுப் பார்த்துச் சிரியுங்கள். நீலம் சாய்ந்தது பல்லை வெளுப்பாகக் காட்டும். ஆரஞ்சு, பல்லின் மஞ்சளை எடுத்துக் காட்டும். மேக் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் 'ரூபி வூ' ஷேட் நீலச் சாயல் சிவப்புக்கு நல்ல உதாரணம். விலை அதிகம், போதாததற்கு உதட்டை உலர்த்தும் மேட் (பளபளப்பில்லாத) வகை. அந்தச் சாயலைக் கடையில் பார்த்து வைத்துக்கொண்டு, விலை குறைந்த பிராண்டில் தேடினாலும் தப்பில்லை.

கடையில் முன்கையில் தீற்றிக் காட்டுவார்கள். அங்கே தோல் முகத்தைவிட வெளுப்பு, அதனால் ஏமாற்றும். விரல் நுனியில் தீற்றினால் உதட்டுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். அப்புறம் வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் எல்லாமே அழகுதான். டெஸ்டரை நேராக வாயில் வைக்காதீர்கள். எத்தனை பேர் வாய் பட்டதோ! மேல்பகுதியைத் துடைத்துவிட்டு, புது பஞ்சுக் குச்சியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அட்டையில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா பாருங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் அதைப் பெற்றவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் உதட்டில் பூசுகிற பொருள், வேண்டாம்.

பணத்தைத் திரும்பப் பெறுவதைக் கேட்டீர்கள். 'திருப்பி எடுப்பதில்லை' என்று முன்பே போட்டிருந்து, நீங்களும் திறந்து பூசிவிட்டால், நிறம் பொருந்தவில்லை என்று வாதாடி ஜெயிப்பது கடினம். ஆனால் கேட்ட ஷேட்டுக்கு வேறு ஷேட் வந்தாலோ, உடைந்தோ காலாவதியாகியோ இருந்தாலோ, 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பார்சலைப் பிரிக்கும்போது ஒரு வீடியோவும், பில்லும் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.